மறு ஏலத்துக்குப் போன சாப்பாட்டுப் பை

ஜெனிதா தி.நகரில் ஒரு தையற்கடையின் மாடியில் பிளவுஸ் வெட்டுகிறாள். டேப் வைக்காமல் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகு வருகிறவர்கள் அவள் கண்ணைப் பார்க்கவே பயப்படுவார்கள்.

அவள் கணவர் மாசிலாமணி வேளச்சேரி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். ஆறடி உயரம், வெளிச்சாப்பாடு ஆகாத வயிறு. வருடத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பை அவருக்குத் தைப்பாள். சாம்பார்க் கறை எந்தத் துணியையும் அதற்கு மேல் விட்டுவைப்பதில்லை. இந்த வருடத்துப் பை பாதியில் இருக்கும்போது, ஆகஸ்டில், நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார்.

ஜெனிதாவுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. "ஷாக்குல கீறாங்க, அப்புறமா வரும்" என்றார்கள். இரண்டு மாதமாகியும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. உலையில் அரிசியை மட்டும் இன்னமும் ரெண்டு பேருக்கே போட்டாள்.

பாதியில் நிற்கிற தையல் அவளுக்கு ஆகாது. பையை முடித்தாள். கெட்டி நீலத் துணி, மூன்றடுக்கு டப்பாவுக்கு ஓர் அறை, மோர் பாட்டிலுக்கு ஒன்று, ஸ்பூனுக்கு ஒன்று, கை துடைக்க ஓரம் மடித்த துண்டு. வார் அவர் தோளுக்கு ஏற்ற நீளம். டப்பா, பாட்டில், ஸ்பூன் எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டாள். பிறகு அது மெஷின்மேல் சும்மா கிடந்தது. இது வீட்டை விட்டுப் போகணும், யாராவது இதில் சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடணும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதனால் அடையாற்றில் அவர்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்தாள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக வருடாவருடம் நடக்கிற ஏலம். அங்கே ஒரு பூசணிக்காய் தங்க நகை விலைக்குப் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, கெத்தாக "மறு ஏலம்!" என்று திருப்பிக் கொடுப்பார். அதே பூசணி நாலு தடவை விலைபோய், கடைசியாகச் சிக்கிய ஒருவர் வீட்டில் சாம்பாராகும். தன் பைக்கும் இந்தக் கதி வரும் என்று ஜெனிதா யோசிக்கவில்லை.

சபைச் செயலாளர் அறிவு மைக்கைப் பிடித்தார். "நம்ம மாசிலாமணி அண்ணன் ஞாபகமா, அக்கா கையால தச்சது. யாரும் கொறைச்சிக் கேக்காதீங்க!"

முதலில் கிஷோர் எடுத்தான். கம்பெனி வேலைக்காரன், தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவன், உயரமும் சரியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கிஷோர் நெஞ்சில் கை வைத்து, "மறு ஏலம்" என்றான்.

அடுத்து ரோஸி டீச்சர். "அண்ணன் பொருள், நான் எப்டி வெச்சிக்கிறது? மறு ஏலம்."

ஐந்து தடவை போனது. ஜனங்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. இறந்தவர் பெயர் சொன்ன பையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போக ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கடைசியாக எடுத்தவர் அதைக் கொண்டுவந்து ஜெனிதா மடியிலேயே வைத்தார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

"வாணாங்க. யாருனா எட்த்துக்கினு போங்க. சாப்புடத்தான் தச்சேன்" என்றாள். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, வேறு யாரும் கொண்டுபோகாத பையில் சோற்றைக் கட்டி அவளே தோளில் மாட்டினாள். இரண்டு மாதமாக அவளுக்கு மத்தியானம் டீயும் பன்னும்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் பை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

எதிர் மெஷின் நீரஜா பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, பை தரையப் பெருக்கிக்கினு வருது?"

ஜெனிதா பையை வெட்டுகிற மேஜையில் வைத்து, தன் தோளிலிருந்து இடுப்புவரை டேப் வைத்து அளந்தாள். அவள் டேப் எடுத்து நீரஜா பார்த்ததே இல்லை. வார் எட்டு அங்குலம் அதிகம். கத்தரியை வைத்து வெட்டினாள். துண்டு கீழே பிளவுஸ் வெட்டுத் துணிகளுக்கு நடுவே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீரஜா, இந்த ஊசில நூலக் கோத்துக் குடு. கண்ணு தெரியல."

நீரஜா நிமிர்ந்து பார்த்தாள். ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். ஜெனிதா அழுதுகொண்டே வாரை மடித்துத் தைத்தாள், தையல் கோணவில்லை. ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தாள். ரெண்டு பேர் சோறு இருந்தது. நீரஜாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.