பீச்சாங்கையும் தாமரைக் கரமும்

எங்கள் இல்லத்தில் ஆளுக்கொரு அலுமினியத் தட்டு. அதன் விளிம்பில் ஆணியால் குத்திய எண். சோற்று வரிசையில் அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிட்டதால், பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. நான் முப்பத்தொன்று. இதில் வரப்போகிறவன் பதினேழு.

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் தோல் மண்டிகள் இருந்த பக்கமாக ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் நாற்பது பையன்கள் இருந்தோம். அப்பா அம்மா இல்லாதவர்கள், இருந்தும் சோறு போட வழியில்லாதவர்கள், இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாதவர்கள். ஊரில் எட்டு வீடுகளிலிருந்து எங்களுக்கு அரிசியும் பருப்பும் வந்தன. அந்த அரிசி வீண்போகவில்லை என்று அவர்களுக்குக் காட்ட வார்டன் ஐயா கண்டுபிடித்த வழிதான் கையெழுத்துப் பத்திரிகை.

மாதம் ஒரு இதழ். அதுவும் ஒரே ஒரு பிரதி. பையன்கள் துண்டுத் தாளில் எழுதித் தருவதை ஆசிரியர் நல்ல தாளில் பார்த்து எழுதி, பசை ஒட்டி, அட்டை போடவேண்டும். பிறகு அது எட்டு வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்வரும். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு, மேலே ‘தங்கள் மேலான கருத்துகள்’ என்று எழுதிவைப்போம். வாசித்தவர்கள் அதில் நாலு வரி எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

ஆசிரியர் நான்தான். பதினைந்து வயதில் ஆசிரியர் ஆவதற்கு எனக்கு இருந்த ஒரே தகுதி, கையெழுத்து முத்து முத்தாக இருந்ததுதான். எழுத்து அழகாக இருந்தால் புத்தியும் இருக்கும் என்று வார்டன் ஐயா நம்பினார். அவர் நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, நானும் நம்பிவிட்டேன்.

அது மேடைப் பேச்சுக்குப் பெயர்போன காலம். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை மூட்டை மூட்டையாக அடுக்குவார்கள். கூட்டம் முடிந்து வந்தால் என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்காது, காது மட்டும் நிறைந்திருக்கும். எனக்கு அதன்மேல் பைத்தியம். பையன்கள் தரும் தாளையெல்லாம் அந்த அச்சில் போட்டு வார்த்துவிடுவேன். மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று ஒருவன் எழுதினால், ‘குருதி குடிக்கும் குட்டிக் கொடுங்கோலர்கள்’ என்று ஆகிவிடும். பல்வலியைப் பற்றி எழுதியவன் தன் கட்டுரையை வாசித்துவிட்டு, “இது யாரோட பல்லுலே?” என்று கேட்டான்.

பதினேழு எதுவும் எழுதாதவன். பதினான்கு வயது, ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. ஒரு நாள் கசங்கிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். தலைப்பு ‘என் தங்கச்சி’. இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தான்.

“இத போட்டுருவியா?” என்றான்.

“தரம் இருந்தா போடுவோம்,” என்றேன். அப்படித்தான் பேசுவேன், அந்த வயதில்.

தரம் இல்லை என்பதே என் தீர்ப்பு. அம்மா செத்ததும் மாமா கொடைரோடு ஸ்டேஷனில் வைத்துத் தங்கையை ஒரு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவனை மட்டும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது, இப்போது பத்து. கிணற்றடியில் விழுந்ததில் புருவம் இரண்டாகப் பிளந்திருக்கும். எல்லாவற்றையும் பீச்சாங்கையால்தான் செய்வாள், எத்தனை அடி வாங்கியும் மாற்றிக்கொள்ளவில்லை. இப்படியே போயிற்று. பீச்சாங்கை! இலக்கியத்தில் வரக்கூடிய சொல்லா அது? பெரிய வீடுகளில் வாசிக்கிற பத்திரிகை. சிவப்புப் பென்சிலை எடுத்தேன். புருவம் பிறை ஆயிற்று, பிளவு போயிற்று. கொடைரோடு ஸ்டேஷன் ‘பிரிவுப் பெரும்புயல்’ ஆயிற்று. பீச்சாங்கை இருந்த இடத்தில் ‘தாமரைத் தளிர்க்கரம்’ என்று எழுதிவிட்டு, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவன் தந்த தாளைப் பசை தடவி அட்டைக்கு உள்ளே ஒட்டிவிட்டேன். அட்டை விறைப்பாக நிற்கத் தாள் போதாமல் இருந்தது.

இதழ் ஊருக்குள் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அது திரும்பும்போது வாசலில் பதினேழுதான் நின்றான். வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவான். வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். பாராட்டுக்கு இப்படி அலைகிறானே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பாராட்டு இல்லாமலும் இல்லை. ‘தங்கை பற்றிய கட்டுரை நடை நன்று’ என்று அரிசி மண்டிக்காரர் எழுதியிருந்தார். ‘கண்ணீர் வரவழைத்தது’ என்று ஒரு வக்கீல். அதைப் படித்தும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

ஐந்தாவது வீட்டிலிருந்து வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. “ஏலே, இன்னும் என்னதான் எழுதணும் உனக்கு?”

“ஒருத்தர்கூடப் பாத்தேன்னு சொல்லலியே.”

“யார?”

“என் தங்கச்சியத்தான். அம்புட்டு அடையாளம் எழுதிக் குடுத்தேன்ல? ஊருக்குள்ள போற பொஸ்தகம், யாராச்சும் கண்டிருப்பாகன்னு…”

இதழில் வந்த தன் கட்டுரையை அவன் வாசிக்கவே இல்லை. தான் எழுதியது தனக்குத் தெரியுமே என்று விட்டிருக்கிறான். வேறு வழியில்லாமல் நானே வாசித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அத்தனை மெல்லிய குரலில் நான் எதையும் வாசித்ததில்லை. தாமரைக் கரம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

“என் தங்கச்சிக்கு ஏதுடா தாமரைக் கை?” என்றான். “அவ கை பூரா சொறி.”

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள்தான் அவன் தாள் இருக்கிறது என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

இன்னும் மூன்று வீடுகள் பாக்கி. “கருத்துப் பக்கத்துல எழுதிரு,” என்றேன்.

“அது பெரியவுக எழுதுற எடம்ல? வார்டன் ஐயா தோலை உரிச்சிருவாரு.”

“என் தோலை உரிக்கட்டும். நீ எழுது, நான் ஒரு எழுத்துத் தொட மாட்டேன்.”

வக்கீலின் கண்ணீருக்குக் கீழேயே எழுதினான். கோழி கிளறியது போன்ற எழுத்து. ஸ்டேஷன், புருவம், சொறி, பீச்சாங்கை, எல்லாம் திரும்ப வந்தன. முதல் வரி மட்டும் புதிது: ‘முன்னால உள்ளது ஆசிரியர் சொந்தமா எழுதினது. இதுதான் நெசம்.’ என் பத்திரிகையில் என்னைப் பற்றி வந்த ஒரே விமர்சனம் அது.

ஆறாவது வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது, ஒரு தோல் வியாபாரியின் வீடு. ஐந்து நாள் கழித்துப் பத்திரிகையை வாங்க நானும் அவனும் போனோம். எப்போதும் கடைப் பையன் எடுத்துவந்து தருவான். அன்று வீட்டு அம்மாவே கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்.

“பீச்சாங்கைன்னு எழுதுனது யாரு?”

நான் பதினேழைக் காட்டினேன். பழி அவன்மேலேயே போகட்டும் என்ற எண்ணம் அதில் கொஞ்சம் இருந்தது.

“வா தம்பி. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சித்தையன்கோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு பூக்காரம்மா வருது. கூட ஒரு புள்ள. அது பூவ பீச்சாங்கையாலதான் மொழம் போடும். ‘சோத்தாங்கையால அளடி, பரக்கத்தா இருக்கும், யாவாரம் பெருகும்’னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், கேக்காது. புருவத்தப் பாத்தியான்னு கேட்டா, பாக்கலப்பா. வெள்ளிக்கெழம பாத்துட்டுச் சொல்றேன்.”

ஐந்து வருடமாக, வாரம் இரண்டு நாள், எங்கள் இல்லத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்தப் பிள்ளை பூ அளந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று திரும்பும்போது பதினேழு நடந்த நடையை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. அந்த மூன்று நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் சோற்றையும் நானே சாப்பிட்டேன், துணைக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூக்காரம்மா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். தலையில் காலிக் கூடை, கைப்பிடியில் ஒரு சிறுமி. புருவம் பிளந்துதான் இருந்தது. அந்த அம்மா பிள்ளையின் மணிக்கட்டை விடவே இல்லை.

“தூக்கிட்டுப் போயிருவீகளா அப்பு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் எழுத்தைப் போலவே என் முகமும் அதிகாரமாக இருந்திருக்க வேண்டும். “வளத்துட்டேன்யா. எனக்கும் வேற ஆளு இல்ல.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, பதினேழு முந்திக்கொண்டான்.

“இல்ல ஆத்தா. பாக்கத்தான்.”

அதன்பிறகுதான் அந்த விரல்கள் தளர்ந்தன. அண்ணனும் தங்கையும் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் வெகுநேரம் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேசினார்கள். ஆசிரியர் என்ற முறையில் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து காதைத் தீட்டினேன். பக்கத்தில் இரண்டு காக்கைகள் போட்ட சண்டையில் ஒரு சொல்கூட விழவில்லை. அவள் ஒரு தடவை சிரித்தது மட்டும் கேட்டது.

இனி வெள்ளிதோறும் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூக்காரம்மா போனார். அன்று மாலையே நான் தாளும் பேனாவுமாக அவனிடம் போனேன்.

“அடுத்த இதழுக்கு எழுதிக் குடு. ரெண்டு பேரும் என்ன பேசுனீக? சத்தியமா ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

“அது பத்திரிகைக்கு இல்ல.”

மறுநாளும் கேட்டேன். அடுத்த வாரமும் கேட்டேன். மூன்றாவது தடவை அவன் இரங்கி, என் கையிலிருந்து தாளை வாங்கினான்.

“இங்க ஊத்துற சாம்பாரப் பத்தி வேணும்னா எழுதித் தாரேன்,” என்றான். “அதுல ஒளிச்சுவைக்க ஒண்ணும் இல்ல.”

அரைப் பக்கம் எழுதித் தந்தான். பருப்பு எங்கே போயிற்று என்று கேட்டு எழுதியிருந்தான். பிழைகளோடு அப்படியே பார்த்து எழுதிப் போட்டேன். துவைக்கிற கல்லில் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.