தணிகாசலம் சாரும் ஒரு அண்டா பிரியாணியும்

தணிகாசலம் சார் போயிட்டாராம். சென்னையில, நேத்து காலையில... தொண்ணூறைத் தாண்டினவர். தூக்கத்துலயே போயிட்டாராம், குடுத்து வச்சவர்.

நம்ம பழைய ஆபீஸ் குரூப்ல விடிஞ்சதிலிருந்து ஒரே மாலை, மெழுகுவத்தி. "யாரையும் பின்னால் விட்டுச் செல்லாத தலைவர்"னு ஒருத்தர் போட்டிருக்கார். அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு வேற.

படிச்சதும் எனக்குக் காபி புரையேறிடுச்சு.

செத்தவங்களைப் பத்தி எழுதாதம்மான்னு பிள்ளைங்க சொல்றாங்க. நடந்ததைத்தானே எழுதுறேன்... பிடிக்காதவங்க அன்ஃபிரெண்ட் பண்ணிட்டுப் போங்க.

எழுபதுகள். மிடில் அண்டமான்ல ரோடு போட்டுக்கிட்டிருந்த காலம். அவர் இன்ஜினியர். நான் பாம்பூஃப்ளாட்ங்கிற ஊர்ல இருந்து போன டைப்பிஸ்ட், வேலைக்குப் புதுசு.

ரோடு இல்லாத இடத்துக்கு ஜீப்புங்க சேர்ந்துதான் போகும். அதுக்கு சார் ஒரு ரூல் வச்சிருந்தார். மோசமான இடத்தைத் தாண்டின வண்டி ஒரு ஹார்ன் அடிக்கணும். கடைசி வண்டி ஹார்ன் கேட்கிற வரைக்கும் முதல் வண்டி நகரக்கூடாது. விடாம ஹார்ன் அடிச்சா ஆபத்து, எல்லாரும் திரும்பணும்.

நல்ல ரூல்தான். நிக்காம போன ஒரு டிரைவரை ஆபீஸ் வாசல்ல எல்லார் முன்னாடியும் நிறுத்தி, "நீயெல்லாம் மனுஷனாடா?"ன்னு கேட்டவர் இவர். அன்னைக்கு நான்கூட அசந்து போனேன்... எவ்வளவு நல்ல மனசுன்னு!

அப்புறம் மெயின்லேண்ட்ல இருந்து ஒரு பெரிய ஆபீசர் குடும்பத்தோட வந்தார். அவருக்கு அட்வெஞ்சர் காட்டணுமாம். லாங் ஐலண்டுக்கு எதிர்க்கரையில ஒரு பீச், அங்க பிக்னிக். மூணு ஜீப். பாதைன்னு சொல்ல ஒண்ணும் கிடையாது, வெறும் கல்லும் பாறையும்.

முதல் ஜீப்ல சாரும் ஆபீசரும். ரெண்டாவதுல ஆபீசர் குடும்பம், ஓட்டினது பிஸ்வாஸ் தாதா, பெங்காலியில தாதான்னா அண்ணன். கடைசி ஜீப் சூசை அண்ணனோடது. பின்னாடி ஒரு அண்டா மான்கறி பிரியாணி, அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான்.

டைப்பிஸ்ட் எதுக்கு சார்னு கேட்டேன். "பரிமாற லேடீஸ் வேணும்ல?"ன்னு ஒரு இளிப்பு. அந்த இளிப்பை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வழியில ஒரு நாலா, கடல்ல போய்ச் சேர்ற ஓடை. முழுக்கப் பாறை, நடுவுல கணுக்கால் தண்ணி. கடல் ஏறினா ஆள் முழுகும். முன்னாடி ரெண்டு ஜீப்பும் தாண்டிடுச்சு. எங்க சக்கரம் பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. சூசை அண்ணன் இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வைக்கும்போது பக்கத்துப் பாறை உருண்டு... அவர் கால் மேலயே. நான் முன் சீட்டுக்குத் தாவி ஹார்னை அழுத்தினேன்.

"ஏ ரோசி, ஹார்ன்ல இருந்து கைய எடுத்துராத பிள்ள! தண்ணி ஏறுது!"

எடுக்கல. கை மரத்துப் போச்சு. ஒருத்தரும் வரல.

அவங்களுக்குக் கேட்காம இல்ல. கேட்டதும் பிஸ்வாஸ் தாதா வண்டியை நிறுத்திட்டாராம். முன் ஜீப்ல இருந்து சார் தலையை நீட்டி, "சலோ, சலோ! சாப் கோ தேர் ஹோ ரஹா ஹை!"ன்னு கத்தினாராம். ஆபீசருக்கு லேட் ஆகுதாம்!

இதை தாதாவே பின்னாடி என்கிட்ட அழுதுகிட்டே சொன்னார்.

தண்ணி சூசை அண்ணன் நெஞ்சுக்கு வந்துடுச்சு. ஹார்னை விட்டுட்டு இறங்கி அவர் தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் மாதாவே, மாதாவேன்னு கத்துறோம். என் கையிலேயே இவர் சாகப் போறார்னு நினைச்சேன்.

அப்பதான் தாதாவோட ஜீப் திரும்பி வந்துது. எதுக்கு வந்துது தெரியுமா?

பீச்ல விரிப்பை விரிச்சு எல்லாரும் உட்கார்ந்தாச்சு. பசி. பிரியாணியைக் காணோம். "ஜாவோ, கானா லேகே ஆவோ." சாப்பாட்டை எடுத்துட்டு வான்னு அனுப்பியிருக்கார் மகராசன்!

தாதா பாறையில கயிறு கட்டி ஜீப்பால இழுத்தார். கால் வெளிய வந்துது... கால்னு சொல்ற மாதிரி இல்ல. அவரைத் தூக்கி தாதா வண்டியில கிடத்தினோம்.

எங்க ஜீப்ல அண்டா சமர்த்தா உட்கார்ந்திருந்துது. வந்த ஆத்திரத்துல அதை உருட்டி நாலாவுல தள்ளிட்டேன். என் சர்வீஸ்லயே நான் மனசாரச் செஞ்ச ஒரே வேலை.

திரும்பிப் போக வழியில்ல, தண்ணி நிறைஞ்சிடுச்சு. பீச்சுக்குப் போய் படகு பிடிச்சாத்தான் லாங் ஐலண்ட் டாக்டர். வண்டி போய் நின்னதும் சார் ஓடி வந்தார். ஜீப்புக்குள்ள எட்டிப் பார்த்தார். ரத்தத்துல கிடந்த சூசை அண்ணனைத் தாண்டி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் தேடினார்.

"பிரியாணி எங்க?"

இதுதான் கேட்டார். சத்தியமா இதுதான்.

சூசை அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அப்புறம் எங்க ஜீப் ஓட்டுறது... ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில வாட்ச்மேனா உட்கார்ந்து மத்தவங்க கப்பல் ஏறுறதைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

சார் மாத்தலாகி மெயின்லேண்ட் போறப்ப ஒரு வழியனுப்பு விழா. மைக்கைப் பிடிச்சு, "நான் யாரையும் பின்னால் விட்டுப் போனதில்லை"ன்னார். கட்டையை ஊன்றிக்கிட்டு சூசை அண்ணன் கடைசி வரிசையில நிக்கிறார். கைதட்டல் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. இன்னைக்கு குரூப்ல சுத்துறதும் அதே வாக்கியம்தான். அவரே எழுதி வச்சுட்டுப் போன அஞ்சலி!

இப்பதான் சூசை அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அவர், "சாப்பிட்டுட்டுத்தான போனாரு?"ன்னார்.

போங்க சார். நிக்காம போங்க... இந்தத் தடவை பின்னாடி ஹார்ன் எதுவும் கேட்காது.