உப்பில் ஊறிய படுக்கை வேன்

ஸ்குரூ டிரைவரின் பிடியால் வேனின் அடித்தகரத்தைத் தட்டினேன். நல்ல தகரம் என்றால் 'டங்' என்று பதில் சொல்லும். இது 'பொத்' என்றது. சந்தேகம் தீரட்டும் என்று முனையால் ஒரு குத்துக் குத்தினேன். ஸ்குரூ டிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. துருத்தூள் பொலபொலவென்று என் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே நான் விட்ட வசவைக் கேட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். பொத்தியவர்கள் ஒரு வார்த்தையையும் தவறவிடவில்லை என்பது அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தெரிந்தது.

அந்த வேன் எங்களுக்கு வந்த விதமே கோபப்படத்தக்கது. முன்பிருந்த வெள்ளைக்காரப் பெரிய துரைக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். மலைமேல் ஆற்றோரம் தங்கித் தூண்டில் போடுவதற்கென்றே வேனுக்குள் கட்டில், சின்ன அலுமாரி, கை கழுவத் தொட்டி, அடுப்பு என்று ஒரு வீட்டையே அமைத்திருந்தார். நாங்கள் குடும்பத்தோடு நெருக்கியடித்துக் கிடந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவைவிட அதில் வசதி அதிகம். நாடு சுதந்திரமடைந்து துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறியபோது அவரும் ஏறினார். வேன் ஏறவில்லை. உள்ளே கட்டில் இருக்கிறதே என்று, தோட்டத்து நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதை ஒதுக்கினார்கள். படுக்கை வேன் என்று பெயர் வந்தது. அதற்கு டிரைவர், கிளீனர், மெக்கானிக், மேட்டில் நின்றுவிட்டால் தள்ளுகிற ஆள், எல்லாம் நான்தான்.

அதற்கு முன்னால் எங்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் கம்பளிதான். கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் வைத்து நடப்பார்கள். என் தங்கச்சியின் தலைப்பிள்ளை அப்படிப் போகும்போது, ராகலை ரோட்டுக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில், மழையில் பிறந்தது. மழையிலேயே போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வேன் துரையோடு மீன் பிடிக்கப் போயிருந்தது.

இப்போது தங்கச்சிக்கு மறுபடியும் நிறைமாதம். வேனுக்குத் தரை இல்லை. என் கோபத்தின் கணக்கு அவ்வளவுதான்.

போதாததற்கு ஏஜண்டுத் துரை வரப்போகிறார் என்று சேதி வந்தது. கம்பெனி சார்பில் தோட்டத்தைப் பார்வையிட வரும் பெரிய மனிதர் அவர். அவர் வருகிறார் என்றால் தோட்டத்துக்கே வெள்ளையடிப்பார்கள். ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை, மரத்தின் இடுப்புக்கு வெள்ளை, லயத்தின் முன்சுவருக்கு வெள்ளை. பின்சுவரை அவர் பார்க்கமாட்டார் என்பதால் அது சுவரில் சேர்த்தி இல்லை. அசையாமல் நின்றிருந்தால் எனக்கும் அடித்திருப்பார்கள். என் நிறத்துக்கு இரண்டு பூச்சாவது பிடித்திருக்கும்.

பெரிய கிளாக்கர் ஐயா என்னை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"வேனுக்குப் பச்சைப் பெயிண்டு வந்திருக்கு. ஏஜண்டுத் துரை வர்றதுக்குள்ள அடிச்சு முடி."

"பெயிண்ட எதுமேலங்க ஐயா அடிக்கிறது? தரையே இல்லீங்களே."

"தரைய யாரு பாக்கப்போறா? வெளியில அடி."

"உள்ள ஆளு படுக்குதுங்க ஐயா."

"கட்டில்லதானேப்பா படுக்குது?"

"அந்தக் கட்டிலு எதுமேலங்க நிக்குது?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிரே நிற்பவன் தொலைந்தான் என்று அர்த்தம். "இங்க பாரு. தகரத்துக்குப் புதுத் துரை கையெழுத்துப் போடணும். ஏஜண்டுத் துரை வர்ற நேரத்துல வேன் உளுத்துப்போச்சுன்னு நான் போய்ச் சொன்னா, உளுத்த வேன் எதுக்குன்னு வித்துருவாங்க. பழையபடி கம்பளியத் தூக்குறீங்களா? உன் தோளு தாங்குமா?"

என் தோளைப் பற்றி அவர் கேட்டது அநியாயம். அது இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "பூசுறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் வாசல்படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, அதே கோபத்தோடு நடந்தேன்.

தகரம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்க்க, தரையில் ஒட்டியிருந்த லினோலிய விரிப்பைப் பெயர்த்தேன். மலையில் மழையும் பனியும் இருக்கும்வரை துருவும் இருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளை அடைத்தால் பிடிக்கும், தொட்டி ஒழுகினால் பிடிக்கும். அந்தத் துருவெல்லாம் எனக்குத் தெரியும். இது அந்த ஜாதி இல்லை. கட்டிலைச் சுற்றி மட்டும் தகரம், டீயில் முக்கிய ரொட்டி மாதிரி நைந்துபோயிருந்தது. அதன்மேல் ஈரமாக, வெள்ளையாக, கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பிடிப்பிடியாக உப்பு. சில இடத்தில் துணியில் முடிந்து, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் சேர்த்து. உப்பு பனியைக் குடித்துக் குடித்து, இரவும் பகலும் என் தகரத்தை ஊறவைத்திருக்கிறது. கருவாட்டுக்குக்கூட நடுவில் ஒருநாள் வெயில் காட்டுவார்கள்.

நேரே மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனேன். பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த மகராசி என் வேனுக்கு உப்புப் போட்டது? ஊறுகாயா போடுறீங்க?"

ஒருத்தியும் பயப்படவில்லை. என்னைப் பார்த்துப் பயந்த ஆள் அந்தத் தோட்டத்தில் கோழிகூடக் கிடையாது.

"எல்லாருந்தான் போட்டோம் டைவரண்ணே" என்றாள் ஒருத்தி. "அந்தக் கட்டில்லதானே வாச்சர் தாத்தா உசிரு போச்சு? செத்த படுக்கையில சும்மா ஏறிப் படுக்க முடியுமா? உப்புப் போட்டுட்டுத்தான் படுப்போம்."

எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி போகிற வழியில் அந்தக் காவல்காரக் கிழவர் இறந்த நாளிலிருந்து, ஏறுகிற ஒவ்வொரு குடும்பமும் சாவுத் தீட்டு ஒட்டாமலிருக்க விரிப்பை நெம்பி ஒரு பிடி வைத்திருக்கிறது. முன்னால் உட்கார்ந்து ஓட்டிய மகா புத்திசாலிக்கு மட்டும் தெரியாது.

"உசிரக் காப்பாத்தப் போட்ட உப்பு, வேனோட உசிர வாங்கிருச்சே! தரை பிஞ்சா ரோட்டுலதான் விழுவீங்க! அப்ப உப்பா வந்து தூக்கும்?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். பீலித் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது.

குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் வயிற்றோடு நின்ற என் தங்கச்சிதான் குறுக்கே பேசினாள்.

"அண்ணே, உப்ப நாங்க போட்டோம். ஒத்துக்கிறோம். தகரத்த யாரு போடணும்?"

"தோட்டம் போடணும்."

"அப்ப எங்கிட்ட ஏன் கத்துறீங்க? அங்க போய்க் கத்துங்க."

"அங்கயும் கத்திட்டுத்தான் வர்றேன்."

"அங்க கத்தினா இந்நேரம் வேலை போயிருக்குமே" என்றாள். பீலியே சிரித்தது.

ஏஜண்டுத் துரை வருகிற அன்று விடியற்காலை. வெள்ளையடிக்கிற கூட்டம் என் வேனுக்குப் பச்சையடித்து, பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தது. வெளியே தெரிகிற உளுத்த இடத்தையெல்லாம் புட்டி போட்டு மெழுகி, உள்ளே விரிப்பைப் பழையபடி போட்டிருந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். கிளாக்கர் ஐயா இஸ்திரி போட்ட கோட்டோடு நின்றார். புதுத் துரையும் வந்திருந்தார். கொழும்புப் பக்கத்து இளவட்டம். தமிழைப் பெரட்டிலேயே கற்றவர் என்பதால், அதட்டுகிற தமிழ் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

பெயர் கூப்பிட்டும் பெண்கள் மலைக்கு ஏறவில்லை. தங்கச்சி மெதுவாக முன்னால் வந்தாள்.

"கிளாக்கர் ஐயா, வேன் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நான் இன்னைக்கோ நாளைக்கோ அதுல போகணும். பயமா இருக்கு. நீங்க ஒருவாட்டி ஏறி அந்தக் கட்டில்ல படுத்துக் காட்டுங்க. ராகலை வரைக்கும் போய்ட்டு வந்தாப் போதும், நாங்க மலைக்குப் போயிர்றோம்."

"என்ன பேச்சு இது! போங்க, போங்க, வேலைக்கு நேரமாச்சு."

"ஒரு நடைதானே ஐயா?" என்றாள் இன்னொருத்தி. "அண்ணன் மெதுவா ஓட்டுவாரு. அவருக்கு வேகமா ஓட்டத் தெரியாது."

துரை பிரம்பால் வேனைக் காட்டினார். "என்னா சத்தம்? கிளாக்கர், ஏறு. ஏறிக் காட்டு, பொம்பளை ஆளு வேலைக்குப் போகும்."

ஐயா சிரித்தபடி வேனுக்குப் போனார். பின்கதவைத் திறந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் அப்படியே நின்றது. மொத்தப் பெரட்டும் அந்தச் செருப்பைப் பார்த்தது. பிறகு கால் கீழே வந்தது.

"எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்குங்க சேர்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. துரை பிரம்பை ஊன்றி நடந்து வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிரம்பின் நுனியால் விரிப்பைத் தள்ளினார். கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஓட்டை வழியே கீழே கிடந்த புல் தெரிந்தது. பிறகு யாரைத் திட்ட வேண்டும் என்று யோசித்து, வழக்கம்போல் கையெட்டுகிற ஆளைத் திட்டினார்.

"டிரைவர்! ஏன் முன்னுக்கே சொல்லல்லே?"

கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது எனக்கு. ஒரு வாரமாகத் தோட்டம் முழுக்கக் கேட்கக் கத்தியவன் நான். அத்தனை வசவும் தொண்டையில் வரிசையாக வந்து நின்றது. வாயைத் திறந்தேன். "மன்னிக்கணும் தொரை" என்று வந்தது. என்மேல் எனக்கு வந்த அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏஜண்டுத் துரை வந்துபோகும்வரை வேனை ஸ்டோருக்குப் பின்னால் படங்கு போட்டு மூடிவைத்தார்கள். அதற்குள் துரையின் கையெழுத்து வந்துவிட்டது. நுவரெலியாவில் டிங்கரிங் வேலை பார்க்கும், பாஸ் என்கிற சிங்கள மேஸ்திரி ஒருவர், உளுத்ததையெல்லாம் கத்தரித்து எறிந்து, கெட்டித் தகரம் வைத்துப் பற்றவைத்து, சிவப்புப் பூச்சுப் பூசினார். வெட்டிய துண்டை மோந்து பார்த்து, "இது வேன் இல்ல, லுணு தெஹி" என்றார். உப்பில் ஊறிய எலுமிச்சங்காய் என்று அர்த்தம். நானும் பெண்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். உப்பை டின்பால் டப்பாவில் போட்டு மூடி, கூரைக் கொக்கியில் தொங்கவிடுவது. கொக்கி என் சீட்டுக்கு மேலே இருந்தது. வளைவுக்கு வளைவு டப்பா என் மண்டையில் இடித்தது.

வேன் திரும்பி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தங்கச்சிக்கு வலி எடுத்தது. மதியம், நல்ல மழை. அவள் புருஷனும் மாமியாரும் பிடித்து ஏற்றினார்கள். ஏறும்போதே ஆரம்பித்தேன். கிளாக்கரை, துரையை, ஊருக்குப் போன வெள்ளைக்காரனை, அவன் பிடித்த மீனை, மழையை, ரோட்டைப் போட்டவனை, எல்லாரையும் திட்டிக்கொண்டே இறங்கினேன். அந்தக் குறுக்குப் பாதை ரோட்டில் வந்து சேருகிற இடம் தாண்டும்போது மட்டும் என் குரல் உயர்ந்துபோனது எனக்கே கேட்டது.

பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, திட்டுறத மெதுவாத் திட்டுங்க. வளைவு வருது."

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் குழந்தை பிறந்தது. வேனை எங்கே நிறுத்துவது என்று நான் வாசல் காவலாளியோடு மல்லுக்கு நின்றபோது, ஒரு நர்சம்மா வெளியே வந்தார்.

"இங்க யாரு கத்துறது? பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் சுகமா இருக்காங்க. அதுக்கும் ஏதாவது கத்தணுமா?"

தேடிப் பார்த்தேன். அதற்கென்று ஒரு வசவும் என் கைவசம் இல்லை.