நாடா அறுத்த புண் என்றுதான் நினைத்தேன்

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. ஆற்றங்கரையில் குடில் போட்டு, கிடாவோடும் சட்டி பானையோடும் சில நாள் தங்க வேண்டும். ஏரலில் இருந்து அண்ணன் குடும்பமும் பேட்டையில் இருந்து நாங்களும் போனோம்.

நான் வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிளவுஸ், பாவாடை தைக்கிறவள். அண்ணன் மனைவி, என் மதினி, எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. தினமும் மத்தியானம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே அவர்களோடு பேசுவேன். மிஷின் கடகடவென்று ஓடும். அதற்கு நடுவில் நான் முணுமுணுத்தால்கூட அந்தப் பக்கம் விழுந்துவிடும். பாம்புக் காது மதினி உங்களுக்கு என்று கேலி செய்வேன்.

கொண்டுபோன கிடா மேல் உண்ணி அப்பியிருந்தது. பிள்ளைகளை அண்ணன் அதன் பக்கம் அண்டவிடவில்லை. சாயங்காலம் எல்லார் கை காலையும் பார்த்தான். என் மகள் கெண்டைக்காலில் ஒன்று ஒட்டியிருந்தது. சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான். அத்தோடு உண்ணித் தொல்லை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். மதினியோ அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் புதருக்குள் போவதும், அலுப்பில் அப்படியே புல்தரையில் சாய்வதுமாக இருந்தார்கள். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். துணி தைக்கக் கொடுக்க மதினி பேட்டைக்கு வந்தார்கள். அளவெடுக்கும்போது சேலையை ஒதுக்கி இடுப்பைக் காட்டினார்கள்.

"ஏட்டி, இங்கன பாரு, நாடா அறுத்துட்டு."

பாவாடை நாடா பதிகிற இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. சூடு பட்ட இடம் மாதிரி இருந்தது. வலி இல்லை என்றார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நாடா அறுத்த புண் எரியுமே! ஆனால் எத்தனை இடுப்புக்கு அளவெடுத்தவள் நான். கட்டு இறுகித் தோல் கறுக்காத பொம்பளை எங்கள் ஊரில் யார் இருக்கிறாள்?

"ரொம்ப இறுக்கிக் கட்டாதீய மதினி. அகலப் பட்டை வச்சுத் தச்சுத் தாரேன்" என்று மேதாவி மாதிரி சொன்னேன். அன்றைக்கே தைத்தும் கொடுத்தேன். புண்ணில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதும் நான்தான்.

ஊருக்குப் போனதும் அவர்களுக்குக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. அங்கே பார்த்த டாக்டர், உடம்பில் எங்காவது புண் உண்டா என்று கேட்டிருக்கிறார். மதினி இல்லை என்று தலையாட்டியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. நாடா அறுத்ததைப் போய் எந்தப் பொம்பளை புண் என்று சொல்லுவாள், அதுவும் ஆம்பளை டாக்டரிடம்? காய்ச்சல் விட்டபாடில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டு அக்குள், தொடையிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடினார். நான் தைத்த பாவாடையைத் தளர்த்திப் பார்த்தார். காட்டுப் பக்கம் போனார்களா என்று கேட்டார். போனோம், ஆனால் இது நாடா அறுத்தது என்றேன்.

"நாடா இல்லம்மா, பூச்சி கடிச்ச இடம். முதல்லயே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே கேட்டிருக்கும்" என்றார்.

உண்ணிக் காய்ச்சலாம். ஆனால் ஆட்டில் இருக்கிற உண்ணி இல்லை. புல்லிலும் புதரிலும் கிடக்கிற, கண்ணுக்கே தெரியாத வேறொரு பொடிப் பூச்சி. துணி இறுகுகிற இடமாகப் பார்த்துக் கடிக்குமாம். வெறும் புல்தரையில் படுக்கக் கூடாது, காட்டிலிருந்து வந்ததும் தேய்த்துக் குளித்து, உடுத்தின துணியை வெந்நீரில் அலசி, உடம்பை மடிப்பு விடாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் கை காலைத்தான் பார்த்தோம். சேலைக்குள் யார் பார்த்தார்கள்?

மதினி பிழைத்துவிட்டார்கள். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அண்ணன் அழுத அழுகைக்கு அந்த மட்டும் பலன் கிடைத்தது. ஆனால் காது போய்விட்டது. முற்றிப்போனால் சிலருக்கு அப்படி ஆகும், பைய திரும்பலாம் என்றார்கள். ஒரு காது பாதி திரும்பியது. மற்றது திரும்பவே இல்லை; அதில் எந்நேரமும் கடகடவென்று ஓர் இரைச்சல் மட்டும் கேட்கிறதாம்.

இப்போது அளவுக்கு வருகிற பெண்கள் யார் இடுப்பில் கறுப்புப் பொருக்கைப் பார்த்தாலும் நான் சும்மா விடுவதில்லை. காய்ச்சல் உண்டா, வயக்காட்டுப் பக்கம் போனீர்களா என்று நச்சரித்து டாக்டரிடம் விரட்டுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

மதினிக்கு இன்றும் மத்தியானம் போன் போடுகிறேன். மிஷினை நிறுத்தி, கதவையும் சாத்திவிட்டுத்தான் பேசுவேன். நேற்றுகூட, "ஏட்டி, ஒண்ணும் விளங்கல, முதல்ல அந்த மிஷின நிப்பாட்டு" என்றார்கள்.

"சரி மதினி, நிப்பாட்டிட்டேன்" என்றேன்.

என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர்கள் பேசியதில்லை. ஆனால் ஓடாத அந்த மிஷின் அவர்கள் காதில் ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் என் மனசு ஆறப்போவதில்லை.