"அலர்ஜிண்டா என்ன மகள்?"

இரண்டு வருடத்துக்கு முன், ஹஜ் பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்தது. கல்முனையில் என் போன் கடையில் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். உம்மாவின் காலில் ஆணி குத்திப் புண் பழுத்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டேதான் அவவை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் ஊசி எழுதினார். ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸி, "உம்மாக்கு அலர்ஜி ஏதும் இரிக்கா?" என்று கேட்டா.

"அலர்ஜிண்டா என்ன மகள்?" என்றா உம்மா.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இறால் திண்டா உடம்பு கடிக்கிறது உம்மா. உங்களுக்கு அதொண்டுமில்ல. சும்மா இரிங்க, நான் கதைக்கிறன்."

படித்த மகன் சொல்லிவிட்டான். உம்மா கையை நீட்டினா.

ஊசி போட்டுக் கட்டிலை விட்டு இறங்கக்கூட இல்லை, "நாக்குத் தடிக்குது மகன்" என்றா. உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது, என் மடியிலேயே சாய்ந்துவிட்டா. எப்படி அம்புலன்ஸ் வந்தது, எப்படிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஒன்றும் நினைவில்லை.

அங்கே டொக்டர் கேட்டார், "இதுக்கு முதல் எப்பயாவது இப்பிடி வீங்கினதா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தங்கச்சியின் கலியாணக் கிழமையில், பல்வலிக்கு மருந்துக் குளிசை போட்ட அன்று உம்மாவின் முகம் வீங்கியது. கலியாண வீட்டில் எத்தனை கண் பட்டதோ என்று எல்லாரும் கண்ணூறு என்றார்கள். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்தோம். விடிய வீக்கம் வடிந்தது. குளிசையை ஒருவரும் நினைக்கவில்லை.

நான் அதைச் சொன்னதும், "அதுதான் அலர்ஜி" என்றார் டொக்டர். "அந்தக் குளிசையும் இந்த ஊசியும் ஒரே இன மருந்தாத்தான் இரிக்கும். சாப்பாடு மட்டுமில்ல, மருந்தும் ஒத்துக்காமப் போகும். உயிரையே எடுக்கும்."

மூன்று நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் உம்மா பிழைத்தா. ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. நான் அழுதபோது, "நீ அவசரத்துல நிண்டாய், அதான் நானும் ஒண்டும் கேக்கல்ல" என்றா. ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் டொக்டர் "எங்க நோகுது உம்மா?" என்று கேட்டால், அவ முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். "நீங்களே சொல்லுங்க உம்மா" என்கிறேன். தன் நோவைச் சொல்லக்கூட அவ என் உத்தரவுக்குக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், என்னால் தலை நிமிர முடிவதில்லை.