அப்பா வீசிய பழங்கள்

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நன்றி சொல்வதென்றால் தெருவில் போகிறவர்களை வாழைப்பழத்தால் அடிக்க வேண்டும். தேர் வாசலுக்கு வரும்போது, வேண்டுதல் பலித்த வீட்டார் மொட்டைமாடியில் நின்றுகொண்டு தாரிலிருந்து பழத்தைப் பிய்த்துக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். சூறை விடுவது என்று அதற்குப் பெயர். நன்றாகக் கனிந்த பழம் பட்டுச்சேலைகளைப் பாழாக்கும் என்று அரைப்பழமாகப் பார்த்து வாங்குவார்கள். சேலை தப்பிக்கும், மண்டை வீங்கும். அடி வாங்கியவர்கள் கோபப்படக்கூடாது, தடவிக்கொண்டே சிரிக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஊர் கறாராக இருந்தது. கேட்கும்போது யாரும் பழம் வீசக்கூடாது. கேட்டது கிடைத்த பிறகே வீச வேண்டும். அதனால் எந்த வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வந்தது, எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது என்பதெல்லாம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். வெறுங்கையோடு நிற்கும் வீட்டைப் பார்த்துப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு எட்டு வயதானபோது எங்கள் வீட்டைப் பார்த்து அப்படித்தான் கொட்டினார்கள்.

அடுத்த தேர்நோம்பிக்கு எனக்கு ஒன்பது வயது. அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னிமலையில் தன் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னை அப்பா அனுப்பவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே விசைத்தறி ஓடுகிற வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் காலம் தள்ளலாம். கேட்டாலும் காதில் விழாது. நோம்பிக்குத் தறியை நிறுத்தும்போதுதான் கஷ்டம். அம்மா இல்லாதது அப்போதுதான் அறை அறையாகத் தெரியும். என்னால் தாங்கவே முடியாது.

அந்த வருஷம் அப்பா டெம்போ நிறையப் பழத்தார்களைக் கொண்டுவந்து இறக்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழம் வந்துவிட்டது என்றால் அப்பா கேட்டது கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதானே இருந்தது. நானும் சாமி மாடத்தின் முன்னால் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வெயிலில் தேர் வந்தது. "அண்ணா, புள்ளை கையிலயும் ரெண்டு குடுங்க. அவளுக்கோசரந்தானுங்களே இத்தனையும்" என்றாள் அத்தை. கீழேயிருந்து பக்கத்து வீட்டு அம்மாள், "ஏனுங்க, வேண்டுதல் பலிச்சுருச்சுங்களா?" என்று கத்தினார்.

"ஆத்தா கண்ணத் தொறந்துபோட்டாளுங்க" என்று அப்பா என் தலையில் கை வைத்தார்.

நான் வீசினேன். கை வலிக்க வலிக்க வீசினேன். ஒரு பழம் பூசாரியின் தோளில் பட்டது, அவர் அண்ணாந்து பார்த்து என்னைக் கும்பிட்டார். ஊரே எனக்காகக் கையேந்தி நிற்பதுபோல் ஒரு பெருமை.

தேர் அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் நான் முகம் கழுவி, பவுடர் அப்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். சென்னிமலைக்காரர்கள் வரும் வழியான அவிநாசிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸும் கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. எல்லார் வீட்டுக்கும் யாராவது வந்தார்கள். "யாரு ஊட்டுப் புள்ளை அம்மணி நீ, தனியா நிக்கற?" என்று ஒரு பாட்டையா கேட்டார். "எங்கம்மா வாராங்க" என்றேன், அவர் கேட்டதை விட்டுவிட்டு. வெயில் தாழ்ந்தது. பொரிக்கடைக்காரர் சாக்கைச் சுருட்டிக் கட்டினார். பஸ்கள் ஆளை இறக்காமலே போகத் தொடங்கின.

அத்தை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இங்க என்ன கண்ணு பண்ற? உன்னைய எங்கெல்லாம் தேடறது?"

"அம்மா வருவாங்கல்லங்க அத்தை? நாமதான் பழம் உட்டுட்டமே."

அத்தை முந்தானையால் என் முகத்துப் பவுடரைத் துடைத்துவிட்டு, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

அத்தை அப்பாவிடம் என்ன சொன்னாளோ, அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நோம்பி முடிகிற மஞ்சள் நீராட்டு. ஊரில் யாரும் தறிப் பக்கம் போகாத நாள். எங்கள் வீட்டில் மட்டும் விடியும் முன்பே தறி ஓடியது.

நான் யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்ததும், அந்த நோம்பிக்குச் சற்று முன்புதான் தீர்ப்பு வந்ததும் பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. அப்பா மாரியம்மனிடம் கேட்டது என்னை. சென்னிமலையில் அம்மாவும் தினமும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பலிக்காமல் போனதற்குத்தான் நான் மாடியில் நின்று அத்தனை பழம் வீசினேன்.