எல்லம்மாவின் மகனுக்கு விழுந்த சைபர்

1968 ஏப்ரலில், பழவேற்காடு ஏரியில் தோணி கவிழ்ந்து துலுக்காணம் செத்துப்போனான். மறுநாள் காலையில் அவன் மகன் நாகமுத்து கொள்ளிச்சட்டி தூக்கினான். அதே நேரத்தில் அவன் படித்த உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

மே மாதம் ரிசல்ட் ஒட்டினார்கள். மற்ற பாடங்களில் அறுபது, எழுபது. கணக்கில் சைபர். பையன் ஃபெயில்.

எல்லம்மா மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"காலாண்டுல, அரையாண்டுல கணக்குல எம்பது வாங்கிக்கீறான் சார். அப்பன எரிச்சிக்கினு இருந்தவன் எப்டி சார் வருவான்?"

"முழுப் பரீட்சை மார்க்குதாம்மா கணக்கு. வராதவனுக்கு சைபர். ரூல் அப்படி. இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல உட்காரட்டும்."

"எங்க குப்பத்துல, ஏரில வல போட ஊட்டுக்கு ஊடு முறை உண்டு. செத்தவன் முறையக்கூட இன்னொருத்தனுக்குத் தரமாட்டாங்க. அவன் ஊட்டுக்குன்னு எடுத்து வெப்பாங்க. படிக்காத சனம் சார் நாங்க. உங்களுக்கு இன்னா கேடு?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் சொன்னது பொய்யில்லை. துலுக்காணத்தின் முறையைக் குப்பம் எடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் அந்த வீட்டு ஆண்பிள்ளை வந்து வலையைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் முறை போய்விடும். பள்ளி திறந்த அன்றுதான் அந்த முறை வந்தது. எல்லம்மாவே மகனை எழுப்பி, புருஷனின் தலைத்துண்டைக் கையில் கொடுத்து ஏரிக்கு அனுப்பினாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். ஆளில்லை. ஆப்சென்ட் போட்டார்கள்.